வாசகர் கேள்வி – பதில்: கல்யாண முருங்கையின் முடிச்சும் கடல் கடந்த குளவியும்

சென்ற இதழில் செட்டிநாட்டு வீடுகளின் பின்கட்டுத் தோட்டங்களைப் பற்றி எழுதியபோது, கல்யாண முருங்கையின் துளிர்கள் தடித்துச் சுருண்டு போவதற்கு ஒரு குளவியே காரணம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அக்கறையோடு எழுதிய மற்றப் பகுதிகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றியும், அதையொட்டி அழகு மரங்களைத் தாக்கும் வெளிநாட்டுப் பூச்சிகளைப் பற்றியுமே கேட்டன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

எங்கள் கிணற்றடியில் நிற்கும் கல்யாண முருங்கை அப்பத்தாள் காலத்து மரம். இரண்டு ஆண்டுகளாக அதன் துளிர்கள் எல்லாம் கொப்புளம் கொப்புளமாகத் தடித்து, விரல்களை மடக்கியது போலச் சுருண்டு விடுகின்றன. மாசியில் பூக்கும் சிவப்புப் பூவும் குறைந்துவிட்டது. மருந்துக்கடையில் கேட்டதற்கு, வேரடியில் ஊற்றச் சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள். ஊற்றலாமா? இலையை அடைக்குப் பறிப்பது உண்டு.
— வாசகி, தேவகோட்டை

ஊற்ற வேண்டாம். கடையில் கொடுத்தது ஊடுருவிப் பாயும் வகை மருந்தாகத்தான் இருக்க வேண்டும். வேர் வழியாக ஏறித் தண்டிலும் இலையிலும் பூவிலும் பரவி நிற்பதே அவ்வகை மருந்தின் வேலை. ஹவாய்த் தீவுகளில் இதே தாக்குதலுக்கு இமிடாகுளோபிரிட் என்னும் மருந்தைத் தண்டில் செலுத்தியும் வேரடி மண்ணில் ஊற்றியும் முக்கியமான சில மரங்களைக் காப்பாற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் அங்கே அந்த மரத்தை நிழலுக்காகவும் பூவுக்காகவும் காற்றுத் தடுப்புக்காகவும் வளர்த்தார்கள். நாமோ அதன் இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டு, சளி பிடித்த பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம். உணவுக்குப் பறிக்கும் இலைக்குள் மருந்தை ஏற்றிவிட்டு, எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று கணக்குப் பார்ப்பது வீண் வேலை. அது மட்டுமல்லாமல், இலையுதிர்ந்த மரத்தில் பூ விரியும் காலத்தில் காக்கையும் மைனாவும் தேன்சிட்டும் தேனீயும் அந்தப் பூக்களை நாடித்தான் வருகின்றன.

உங்கள் மரத்தில் இருப்பது எரித்ரினா முடிச்சுக் குளவி. குவாட்ராஸ்டிகஸ் எரித்ரினே என்பது அதன் அறிவியல் பெயர். பெண்குளவியே ஒன்றரை மில்லிமீட்டர் நீளம்தான். ஆண் அதைவிடச் சிறியது. இளந்துளிர், இலைக்காம்பு, இளந்தண்டு ஆகியவற்றின் சதைக்குள் பெண்குளவி முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழுவைச் சுற்றி மரத்தின் சதையே வீங்கிக்கொள்ளும். முடிச்சு என்று நாம் சொல்லும் அந்த வீக்கமே புழுவுக்கு வீடும் சோறும் ஆகிறது. முட்டையிலிருந்து குளவியாகும் வரை ஏறத்தாழ 20 நாட்களே ஆவதால், ஓர் ஆண்டுக்குள் பல தலைமுறைகள் வந்து போய்விடுகின்றன. மரமும் சளைக்காமல் புதுத் துளிர் விடுகிறது. அதுவே குளவிக்கு அடுத்த பந்தியாகிறது. இப்படித் திரும்பத் திரும்பத் துளிர்த்தே மரம் தன் சேமிப்பை எல்லாம் செலவழித்து, கடைசியில் நுனியிலிருந்து காயத் தொடங்குகிறது. தென்னிந்தியாவில் 2005ஆம் ஆண்டை ஒட்டி இது கண்டறியப்பட்டது. கேரளத்தில் மிளகுக் கொடி ஏற்றுவதற்கு முள்முருங்கை என்றும் சொல்லப்படும் இந்த மரத்தையே நட்டிருந்தவர்கள் பெரும் இழப்பைப் பார்த்தார்கள்.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான். ஒரு முடிச்சை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். அதன் மேல் ஊசி குத்தியது போன்ற துளைகள் இருந்தால் உள்ளே இருந்தவை வெளியேறிவிட்டன. அந்தக் கிளையை வெட்டுவதால் மனத்துக்கு ஆறுதல் கிடைக்குமே தவிர மரத்துக்குப் பெரிய பயன் இல்லை. துளையில்லாத பச்சை முடிச்சுகள் உள்ள கிளைகளைத்தான் தேடி வெட்ட வேண்டும். வெட்டியதை அன்றே எரித்துவிடுங்கள், அல்லது தடித்த பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு மாதம் வெயிலில் போட்டு வையுங்கள். ஆட்டுக்குப் போட்டு, அது உடனே முழுவதையும் தின்றுவிட்டால் அதுவும் நல்லதே. தின்னாமல் மிச்சம் விட்டுத் தொழுவத்து ஓரத்தில் கிடப்பதுதான் ஆபத்து. தழைச்சத்து உரம் போட வேண்டாம். கோடையில் அளவுக்கு மீறித் தண்ணீர் விட்டுத் துளிர்க்கச் செய்யவும் வேண்டாம். தெருவில் நாலைந்து வீட்டில் இந்த மரம் இருந்தால், எல்லாரும் ஒரே வாரத்தில் கவாத்துச் செய்துவிடுவது தனித்தனியாக மாதம் ஒருவர் வெட்டுவதைவிடப் பலன் தரும், ஏனென்றால் அப்போது சில நாட்களுக்காவது தெரு முழுவதும் இளந்துளிரே இல்லாமல் இருக்கும்.

இத்தனை செய்தாலும் குளவி அடியோடு போகாது. அடுத்த கேள்வி அதைப் பற்றியது.

இந்தக் குளவியை அடக்க ஹவாயில் ஆப்பிரிக்காவிலிருந்து வேறொரு குளவியைக் கொண்டு வந்து விட்டார்கள் என்று படித்தேன். ஒரு வெளிநாட்டுப் பூச்சியால் பட்ட பாடு போதாதென்று இன்னொன்றையும் அழைத்து வருவது எந்த வகையில் புத்திசாலித்தனம்? எலியைப் பிடிக்க விட்ட கீரி கோழியைத் தின்ற கதையாக ஆகிவிடாதா? முதலில் வந்த பூச்சி தீர்ந்து போனால் பிறகு வந்தது எதைத் தின்னும்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கானாடுகாத்தான்

ஐயா, நீங்கள் உவமையாகச் சொன்ன கீரிக் கதை ஹவாயிலேயே உண்மையாக நடந்தது. கரும்புத் தோட்டத்து எலிகளை ஒழிப்பதற்காக 1883இல் ஜமைக்காவிலிருந்து கீரிகளை வரவழைத்தார்கள். அவை எலிகளை ஒழிக்கவில்லை; தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளையும் தின்றன. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் கரும்புக் கொல்லைகளுக்கு 1935இல் ஹவாயிலிருந்து கொண்டு போன தேரையும் அப்படித்தான். கரும்பைத் தின்ற வண்டைத் தவிர வாய்க்கு எட்டிய எல்லாவற்றையும் தின்று, இன்று வரை அந்த நாட்டுக்குத் தலைவலியாக இருக்கிறது. மரங்களைப் பற்றிய கதையே வேண்டும் என்றால், அமெரிக்காவில் நிழல் மரங்களை மொட்டையடித்த ஐரோப்பிய அந்துப்பூச்சி ஒன்றை அடக்க 1906இல் விடப்பட்ட காம்சிலூரா என்ற ஒட்டுண்ணி ஈயைச் சொல்லலாம். அது அந்தப் பூச்சியோடு நிற்காமல் நூற்றுக்கும் மேற்பட்ட வகைப் புழுக்களைத் தாக்கி, அந்த மண்ணுக்கே உரிய அழகான பெரிய பட்டு அந்துப்பூச்சிகளைக் குறைத்துவிட்டது. உங்கள் அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இந்த மூன்று கதைகளிலும் தவறு ஒரே இடத்தில்தான் நிகழ்ந்தது. கீரியும் தேரையும் அந்த ஈயும் எதையும் தின்னும் அல்லது எதிலும் வாழும் உயிர்கள். இன்று உயிரியல் முறையில் ஒரு பூச்சியை அடக்க முனைகிறவர்கள் இதற்கு நேர்மாறான குணமுள்ள ஒன்றைத்தான் தேடுகிறார்கள். ஒரே வகைப் பூச்சியை மட்டும் நம்பி வாழ்கிற, அது கிடைக்காவிட்டால் பட்டினி கிடந்து சாகிற எதிரியாக அது இருக்க வேண்டும். அப்படிப்பட்ட எதிரி அந்தப் பூச்சியின் சொந்த ஊரில்தான் பெரும்பாலும் கிடைக்கும். சொந்த ஊரில் அது ஒரு பீடையாகவே இருக்காது, ஏனென்றால் அங்கே அதன் தலையைத் தட்டி வைக்க ஆள் இருக்கிறது. கப்பலிலோ விமானத்திலோ செடியோடு ஒட்டி வேறு நாட்டுக்குப் போகும்போது பூச்சி மட்டும் போகிறது. அதன் எதிரி பின்தங்கிவிடுகிறது. அந்தப் பின்தங்கிய எதிரியைத் தேடிக் கொண்டு வருவதற்குத்தான் இத்தனை ஏற்பாடும்.

கல்யாண முருங்கைக் குளவி ஹவாயில் 2005 ஏப்ரலில் காணப்பட்டது. சில மாதங்களுக்குள் எல்லாத் தீவுகளுக்கும் பரவியது. சாலையோரங்களில் அழகுக்கு நட்டிருந்த மரங்கள் பட்டுப்போய் வெட்டப்பட்டன. அந்தத் தீவுகளுக்கே உரிய விலிவிலி என்னும், கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த முருக்கு மரமும் அழிந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்ததுதான் அவர்களை விரைவுபடுத்தியது. இந்தக் குளவியின் பூர்விகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்று கண்டு, அங்கே போய்த் தேடி, தான்சானியாவில் யூரிட்டோமா எரித்ரினே என்ற இன்னொரு குளவியைப் பிடித்தார்கள். அது முடிச்சைத் துளைத்து உள்ளே முட்டையிடும். அதிலிருந்து வரும் புழு ஒரு முடிச்சுப் புழுவைத் தின்று முடித்ததும் அறைச் சுவரைக் குடைந்து அடுத்த அறைக்குள் போய் அங்கே இருப்பதையும் தின்னும். முடிச்சுகள் நெருங்கி இருப்பதால் ஒரு புழுவே பல அறைகளைக் காலி செய்துவிடுகிறது. கொண்டு வந்ததும் வெளியே விட்டுவிடவில்லை. பூட்டிய தொற்றுத்தடுப்புக் கூடத்தில் வைத்து, வேறு முடிச்சுப் பூச்சிகளைத் தாக்குகிறதா என்று பார்த்து, தாக்கவில்லை என்று உறுதியான பிறகே 2008 நவம்பரில் விட்டார்கள். சில ஆண்டுகளில் விலிவிலி மரங்கள் மீண்டும் இலை தழைத்தன. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். இலையும் தண்டும் தப்பினவே தவிர, பூவிலும் காயிலும் தாக்குதல் நீடித்தது; விதை பிடிப்பது குறைவாகவே இருந்தது. அதற்காக இரண்டாவது ஒட்டுண்ணி ஒன்றையும் ஆராய வேண்டியிருந்தது.

கடைசியாக, பூச்சி தீர்ந்தால் வந்தது எதைத் தின்னும் என்று கேட்டீர்கள். பூச்சி தீராது. ஒரு தெருவில் குறையும்போது ஒட்டுண்ணியும் குறையும். இன்னொரு தெருவில் பூச்சி தலையெடுத்தால் ஒட்டுண்ணியும் பின்னாலேயே பெருகும். ஏற்றக் கிணற்றில் ஒரு பக்கம் தாழ மறுபக்கம் எழுவது போல இரண்டும் சிறு அளவில் நீண்ட காலம் இருந்துகொண்டே இருக்கும். ஒழிப்பு என்ற சொல்லை நான் தவிர்த்து அடக்குவது என்றே எழுதி வருவதற்குக் காரணம் இதுவே.

ஹவாயில் செய்ததை நாமே ஆர்வத்தில் செய்துவிட முடியாது. வெளிநாட்டு உயிர்களைக் கொண்டு வருவதற்கு 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின் கீழ் அனுமதி வேண்டும். பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள மையமே இப்படிப்பட்ட ஒட்டுண்ணிகளை வரவழைத்துச் சோதிக்கும் பொறுப்பில் இருக்கிறது.

இந்த ஒட்டுண்ணிக் குளவிகள் பெருகினால் மனிதரைக் கொட்டாதா? வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது.
— வாசகி, கண்டனூர்

கொட்டாது. குளவி என்ற பெயரைக் கேட்டதும் உத்தரத்தில் மண்கூடு கட்டும் பெரிய குளவி நினைவுக்கு வருவது இயல்பு. இவை கடுகளவே இருப்பவை. முட்டையிடும் ஊசியால் பூச்சியைத் துளைக்க முடியுமே தவிர நம் தோலைத் துளைக்க முடியாது.

முற்றத்துச் செம்பருத்தியிலும், வாசலில் நிற்கும் கோயில் அரளி மரத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு அப்பியது போல மாவுப்பூச்சி. மூன்று முறை மருந்து அடித்துவிட்டோம். ஒவ்வொரு முறையும் பத்து நாளில் முன்னைவிட அதிகமாக வருகிறது. பப்பாளிக்கு வந்த பூச்சிதான் இது என்கிறார்கள். அதற்கு அரசாங்கம் குளவி விட்டதாகவும் சொல்கிறார்கள். அந்தக் குளவி எங்கே போயிற்று?
— வாசகர், பள்ளத்தூர்

அந்தக் குளவி உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும். மூன்று முறையும் நீங்கள் அடித்த மருந்தில் செத்திருக்கும். கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும், ஆனால் மருந்து அடித்த பிறகு முன்னைவிட அதிகமாக வருகிறது என்று நீங்களே எழுதியதில் விடையும் இருக்கிறது. மாவுப்பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு. அதன் முட்டைகள் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் பத்திரமாக இருக்கின்றன. மருந்து அங்கே எட்டுவதில்லை. வெட்டவெளியில் பறந்து திரியும் ஒட்டுண்ணிதான் முதலில் சாகிறது.

பப்பாளி மாவுப்பூச்சியின் வரலாறு தெரிந்தால் இது இன்னும் விளங்கும். மெக்சிகோவில் 1955லேயே பிடிக்கப்பட்ட இப்பூச்சிக்கு 1992 வரை முறையான பெயர்கூட இடப்படவில்லை. அங்கே அது எவருக்கும் தொல்லை தராததால் அதைப் பற்றி எழுத வேண்டிய தேவை எழவில்லை. பிறகு கரீபியத் தீவுகள் வழியே பரவி, 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் தமிழகத்தின் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றில் அது செய்த சேதத்தை உழவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தேக்கு, செம்பருத்தி, கோயில் அரளி என்று அறுபதுக்கும் மேற்பட்ட வகைச் செடி மரங்களில் அது ஏறியது. அப்போது மருந்தை மாற்றி மாற்றி அடித்தும் பலன் கிடைக்கவில்லை. 2010 ஜூலையில் பெங்களூர் மையம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துச் சோதித்துப் பெருக்கியது. அவற்றுள் அசெரோபேகஸ் பப்பாயே என்னும் மஞ்சள் நிறக் குளவி நம் தட்பவெப்பத்துக்கு நன்றாகப் பொருந்திக்கொண்டது. வேளாண் பல்கலைக்கழகமும் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையங்களும் அதை ஊர் ஊராகக் கொடுத்தன. சில மாதங்களில் பூச்சி அடங்கத் தொடங்கியது. அதன் பிறகு அந்தக் குளவியை எவரும் மறுபடி வெளிநாட்டிலிருந்து கொண்டு வர வேண்டியிருக்கவில்லை. அது இங்கேயே குடியேறிவிட்டது.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது, முதலில் மருந்தை நிறுத்துவது. இரண்டாவது, உங்கள் செடியில் இருப்பது அதே பூச்சிதானா என்று பார்ப்பது. பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சளாக இருக்கும். அதைச் சாராயத்தில் போட்டு வைத்தால் கருநீலமாக மாறும். நசுக்கினால் செந்நிறச் சாறு வந்தால் அது செம்பருத்தியில் வழக்கமாக வரும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சியாக இருக்கலாம்; அதற்கு அசெரோபேகஸ் உதவாது. இந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி நம் பக்கத்துப் பூச்சி. 1994இல் அது கரீபியத் தீவான கிரனடாவில் போய் இறங்கியபோது அங்கே அதுதான் அந்நியப் பூச்சி. அதை அடக்க இந்தியாவிலிருந்து பொறிவண்டுகள் அனுப்பப்பட்டன. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு.

மூன்றாவது வேலை எறும்பு. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் காக்கின்றன. முட்டையிட வரும் குளவியை விரட்டுகின்றன. அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை இறுகச் சுற்றி, அதன் மேல் கிரீஸ் தடவி விடுங்கள். மரத்தைத் தொடும் கொடிக்கயிறு, சுவரில் உரசும் கிளை ஆகியவற்றையும் விலக்கிவிட வேண்டும். ஒரே ஒரு பாலம் இருந்தாலும் எறும்பு அதைக் கண்டுபிடித்துவிடும். பஞ்சு மிகுந்த நுனிகளை வெட்டுங்கள். மற்றவற்றில் மோட்டார்க் குழாயால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். மூன்று வாரம் கழித்து ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வறுத்த ரவை போலப் பழுப்பு நிறத்தில் உப்பி, அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு மணிகள் தென்பட்டால் அவை குளவி குடியேறிய மாவுப்பூச்சிகள். அந்த இலையைப் பறிக்காதீர்கள்.

பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். தோட்டத்து மாவுப்பூச்சிக்குப் பொறிவண்டு வாங்கி விடலாம் என்று நண்பர் சொன்னார். வாங்கி விட்டோம். இரண்டு வாரத்தில் மாவுப்பூச்சியே பெரிதாக வளர்ந்து வேகமாக ஓடத் தொடங்கிவிட்டது என்று தோட்டக்காரர் அதையும் மருந்தடித்துக் கொன்றுவிட்டார். எங்கே தவறு?
— வாசகர், காரைக்குடி

உங்கள் தோட்டக்காரர் கொன்றது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வண்டின் குட்டிகளை. கிரிப்டோலேமஸ் என்ற அந்த ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழு, தான் தின்னும் மாவுப்பூச்சியைப் போலவே உடல் முழுவதும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு திரியும். அளவில் பெரியது, சுறுசுறுப்பானது என்ற இரண்டே வேற்றுமைதான். இந்த வேடத்தால் எறும்பை ஏமாற்ற முடிகிறது. தோட்டக்காரரும் ஏமாந்ததில் வியப்பில்லை. அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். வண்டு விற்றவர்கள் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வண்டு 1898லேயே, காப்பிச் செடியின் செதில் பூச்சிக்காக, இந்தியாவுக்குக் கொண்டு வரப்பட்டது. மேலே சொன்ன குளவிகளைப் போல இது ஒரே வகையை நம்பி வாழ்வதில்லை. பல வகை மாவுப்பூச்சிகளைத் தின்னும். அதனால் பூச்சி திரளாக இருக்கும்போது விட்டால்தான் தங்கும். குறைவாக இருந்தால் பறந்து போய்விடும். மீண்டும் வாங்கினால், கடைசியாக மருந்து அடித்து ஒரு மாதமாவது கழியட்டும். மரத்துக்குப் பத்து வண்டு வீதம், வந்த அன்றே மாலையில், எறும்புத் தடை கட்டிய பிறகு விடுங்கள். தோட்டத்தில் அதற்கு முன் ஒரு நாள் நிதானமாகப் பார்ப்பதும் நல்லது. ஸ்பால்ஜிஸ் என்ற சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு நம் ஊர்களில் காசில்லாமலே மாவுப்பூச்சியைத் தின்கிறது. அதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கு முகம் செதுக்கியது போலவே இருக்கும். ஒரு முறை பார்த்தவர் மறக்க மாட்டார்.

வளவில் தொட்டிகளில் வைத்திருக்கும் அழகுப் பனைகளின் இலையடியில் வெள்ளை ஈ சுருள் சுருளாக முட்டையிட்டிருக்கிறது. பிசுபிசுப்பு ஒழுகி ஆத்தங்குடிக் கல் தரை முழுவதும் கறுத்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் தென்னையிலும் அதுவே. என்ன வழி?
— வாசகி, கோட்டையூர்

இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னைகளில் முதலில் காணப்பட்டு இங்கு வரை வந்துவிட்டது. தொட்டிச் செடிகளுக்கு ஊற்றுக்கண் பின்னால் நிற்கும் தென்னைதான். அதை விட்டுவிட்டுத் தொட்டியை மட்டும் துடைத்துக்கொண்டிருந்தால் வேலை முடியாது.

இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை நமக்கு ஓர் அதிர்ஷ்டம் முன்பே வாய்த்திருந்தது. இதன் பங்காளியான வேறொரு சுருள் வெள்ளை ஈ 1993இல் கேரளத்தில் நுழைந்தது. அதைத் தொடர்ந்து வந்த என்கார்சியா என்ற சிறு குளவி லட்சத்தீவின் மினிக்காயில் கண்டெடுக்கப்பட்டு, அங்கிருந்து இந்திய நிலப்பகுதிக்குக் கொண்டு வரப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ரூகோஸ் வந்தபோது அதே குளவி இதையும் ஏற்றுக்கொண்டது. அதனால் புதிதாக எதையும் வரவழைக்காமல், ஏற்கெனவே இருக்கும் குளவியைப் பேணுவதே இங்கு வழி. வெள்ளை ஈயின் இளம்பருவம் கறுத்துப் போயிருந்தால் உள்ளே குளவி இருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட ஓலைத் துண்டுகளைக் குளவி வந்து சேராத மரங்களில் கட்டிவிடலாம். கிணற்றடி ஈரத்தில் வாழையோ கல்வாழையோ நாலு நட்டு வைத்தால் குளவி அவற்றில் தங்கிப் பெருகும். இலையடியில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். ஆமணக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுத்தாளை ஆளுயரத்தில் கட்டலாம், ஆனால் அளவோடு. குளவியும் சில சமயம் அதில் ஒட்டிக்கொள்ளும். இலையில் படிந்த கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சித் தெளித்தால், காய்ந்ததும் பூசணத்தோடு உரிந்து விழும்.

தரைக்கு அமிலம் கலந்த எதையும் ஊற்றிவிடாதீர்கள். ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, பூ அழிந்துவிடும். வெந்நீரில் துணியை நனைத்துப் பிசுபிசுப்பு ஊறும் வரை போட்டு வைத்துத் துடைப்பதே போதும்.

தெருவில் உள்ள வேப்ப மரங்கள் எல்லாம் நுனி கருகி நிற்கின்றன. இதற்கும் ஏதாவது குளவி உண்டா?
— வாசகர், புதுவயல்

இல்லை. அது வந்தேறிப் பூச்சியால் வருவதல்ல. நம் ஊரிலேயே இருக்கும் தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சியும் ஒரு பூசணமும் சேர்ந்து செய்வது. கோடை தொடங்கியதும் பெரும்பாலான மரங்கள் தாமாகவே துளிர்த்துவிடும், வெட்டிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் இருக்கும் என் மகன், மஞ்சள் வரி ஓடிய அழகான இலையுள்ள முருக்கு மரக் கொம்பு ஒன்றை அடுத்த மாதம் வரும்போது கொண்டு வருவதாகச் சொல்கிறான். ஈரத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தால் எவருக்கும் தெரியாதாம். நட்டால் பிடிக்குமா?
— வாசகி, நேமத்தான்பட்டி

பிடிக்கும், ஆச்சி. முருக்குக் கொம்பு எங்கே குத்தினாலும் பிடிக்கும், சிக்கலே அதுதான். இந்தப் பகுதி முழுவதும் நாம் பேசிக்கொண்டிருந்த முடிச்சுக் குளவிக்கு 2004இல் பெயரிட்டபோது, அதற்கான மாதிரிகள் எடுக்கப்பட்ட இடங்கள் சிங்கப்பூரும் மொரீஷியசும் ரீயூனியனும். கொம்பின் தோலுக்கடியில் முட்டையோ இளம்புழுவோ இருந்தாலும் வெளியே தெரியாது. பூச்சியே இல்லாத கொம்பானாலும், நலச் சான்றும் அனுமதியும் இல்லாமல் செடியைக் கொண்டு வருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்தில் பிடித்தால் எரித்துவிடுவார்கள்.

மஞ்சள் வரி ஓடிய அந்த வகை நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளிலேயே கிடைக்கிறது. இப்போது வாங்க வேண்டாம். இலையுதிர்ந்து நிற்கும் தை மாதத்தில் போய், முடிச்சோ துளையோ இல்லாத கொம்பாகப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதைப் பழைய மரத்திலிருந்து தள்ளி, முதல் துளிர் விரியும் வரை தனியாக ஒரு தொட்டியில் வைத்திருங்கள். துளிர் தட்டையாக விரிந்தால் நடலாம். சுருண்டால் தொட்டியோடு என்னிடம் கொண்டு வர வேண்டாம். குன்றக்குடியில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் பையில் கட்டிக் கொண்டு போய்க் காட்டிவிட்டு, அவர்கள் சொன்னபடி எரித்துவிடுங்கள். மகனிடம் வேறு ஏதாவது வாங்கி வரச் சொல்லுங்கள்.